ராசா தலைக்கு மேலே ஒரு பல்லி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. தலைக்கு மேலே என்ன இருக்குன்னு ஒருதரம் அண்ணாந்து பாருங்க. பார்த்தாச்சா? அதைப் பற்றித்தான் கதை.

முன்னொரு காலத்தில் ஒரு ராசா, மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மஞ்சத்தில் மல்லாந்து கிடந்தார். மேலே சித்திர வேலை செய்த மச்சு. அதில் ஒரு பல்லி தலைகீழாக ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தது.

ராசாவுக்குப் பொறுக்கவில்லை. சபையைக் கூட்டினார்.

"நாளை முதல் அரண்மனையில் எம் தலைக்கு மேலே எதுவும் இருக்கலாகாது!"

ராசாவுக்குக் குடைபிடிக்கும் உரிமை உத்தண்டராயருடையது. சபையைச் சிரிக்கவைக்கும் தோணியப்பன் மேல் அவருக்கு வெகுநாள் காய்ச்சல். உடனே எழுந்தார்.

"மகாபிரபு, இதை நிறைவேற்றத் தோணியப்பனே தகுந்தவர். தவறினால் நாடு கடத்தலாம்."

"அப்படியே ஆகட்டும்!"

தோணியப்பன் யோசித்தபடியே வீடு திரும்பினார். வீட்டில் மனைவி செங்கமலம் நிறைமாதம். மழைக்காலமும் நெருங்குகிறது. அவள் கூரையின் ஓட்டைக்கு நேரே சட்டியை நகர்த்தி வைத்தபடி, "ஒழுகினா ஒழுகட்டுங்க. மேலே ஒண்ணு இருக்கேன்னு ஒரு தெம்புதான்" என்றாள்.

அதைக் கேட்டதும் தோணியப்பனுக்கு ஒரு யோசனை பிறந்தது. முகம் மலர்ந்தது.

மறுநாள் ராசா முன் வணங்கி நின்றார். "பல்லியை விரட்டிவிட்டேன், பிரபு. ஆனால் மச்சு தங்கள் தலைக்கு மேலேயே நிற்கிறதே!"

ராசா அண்ணாந்தார். "அட, ஆமாம்! அதற்கு மேலே என்ன?"

"புறாக்கள், பிரபு. நமக்கு மச்சு, அவற்றுக்கு அதுதான் தரை."

"அதற்கும் மேலே?"

"வாருங்கள், பார்த்துவிடுவோம்."

குழந்தை மாதிரி ராசா படியேறினார். சபையே பின்னால் ஏறியது. மொட்டைமாடியில் உச்சிவெயில்.

"இதோ, மச்சு தங்கள் காலுக்குக் கீழே. தலைக்கு மேலே ஒன்றுமில்லை. ஆணை நிறைவேறியது. இனி இங்கேயே வீற்றிருந்து அரசாளலாம், பிரபு!"

ராசா பெருமையாக நின்றார். கொஞ்ச நேரம்தான். கிரீடம் அடுப்பில் வைத்த சட்டியாய்க் கொதித்தது. "குடை!" என்று அலறினார்.

ராயர் குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயையோ ராயரே! யார் தலைக்கு மேலே எதை நீட்டுகிறீர்?" என்றார் தோணியப்பன்.

ராயர் சட்டென்று குடையைத் தாழ்த்தினார். ராசாவின் முழங்காலுக்கு மட்டும் நிழல் விழுந்தது. அந்நேரம் பார்த்து ஒரு காகம் பறந்துபோனது. கிரீடத்தில் சொத்தென்று ஒரு சத்தம்.

"உயர்த்திப் பிடியும் ஐயா!"

"தங்கள் ஆணை, பிரபு... நாடு கடத்திவிடுவீர்களே!"

ராசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை அங்கேயே ரத்து.

"தோணியப்பா, உமது தலைக்கு மேலே என்ன இருக்கிறது?"

"ஓட்டைக் கூரை, பிரபு. அண்ணாந்தால் நிலா தெரியும்."

"உடனே ஓடு போடச் சொல்கிறேன். வேலை முடியும்வரை உம் மனைவிக்கு வெயில் படாமல் ராயர் குடை பிடிக்கட்டும்!"

பிடித்தாரே! செங்கமலம் துணி உலர்த்தப் போனாலும் பின்னாலேயே போனார். பல்லியும் பழையபடி மச்சுக்கு வந்து சேர்ந்தது.

உங்க வீட்டுக் கூரையும் ஒழுகாமல், அதன் கீழே சிரிப்புச் சத்தம் ஓயாமல், பிள்ளைகுட்டியோடு நிறைவா இருங்க, கண்ணுகளா.