பாசிப் பாய்

யானை இருமுவதுபோல் ஒரு கனைப்பு. வேறு யார், நம் ஜமீன்தார்தான்!

"ஏளா மீரா, குளத்துப் படியில பாசியைப் பாரு, பட்டாட்டம் இருக்கு! இதுல எனக்கொரு பாய் நெய்யி. இல்லேன்னா குளத்தோரம் வளந்து நிக்கிற உன் முரட்டுக் கோரையை நாளைக்கே வேரோட பிடுங்கிருவேன்!"

கோரை போனால் பாய் நெய்யும் மீராளின் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் அளவுக் கயிற்றை எடுத்தாள்.

"நெய்துருவோம் எசமான். படுக்கிறவுகளை நெய்யப்போறது மேலேயே படுக்கவச்சு அளவெடுக்கிறது எங்க வழக்கம்."

ஜமீன்தார் பாசிப் படியில் ஒரு காலை வைத்தார். தொபுக்கடீர்! கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்தவர் கைக்கு அகப்பட்டதை இறுக்கிப் பிடித்தார்.

"ஐயையோ எசமான், அது முரட்டுக் கோரை! விட்டுட்டுப் பட்டுப் பாசியைப் பிடிங்க!"

"பாசி வழுக்குதுளா! கோரைதான் என் உசுரு! ஒண்ணையும் பிடுங்க மாட்டேன், தூக்கிவிடு!"

குளிக்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்ட மீராள், அதன் பிறகுதான் கை நீட்டினாள்.