முழங்கை ஆழம்

கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே ஓர் ஓலைக் கோயில், பக்கத்தில் நாலைந்து குடிசைகள். அந்த ஆசிரமத்தை நடத்தி வந்தவர் விரோணிக்கா அம்மா. அந்தக் கரையிலேயே பிறந்தவர், நாற்பது வயதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அருளப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. திண்டுக்கல் பக்கத்து மனிதர். மனைவி இறந்துபோனதிலிருந்து அவருக்கு ஜெபம் வரவில்லை. ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வு ஒருமுறையாவது திரும்பி வராதா என்று ஏங்கி ஏங்கித்தான் அங்கே வந்திருந்தார்.

தவக்காலம் முடியப் போகிற ஒரு காலையில் அருளப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“கிளம்புறேம்மா.”

“ஏண்ணே?”

“கடல்ல, மணல்ல, பறவையில எல்லாம் ஆண்டவர் பேசுறார்னு சொல்றீங்க. எனக்கு அலைச் சத்தம்தான் கேக்குது. ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருந்து பாத்துட்டேன். ராப்பகலா ஜெபமாலை சொல்லிப் பாத்துட்டேன். அவருக்கு எம்மேல மனசு இல்ல போல.”

அம்மா ஒரு குடத்தையும் தேங்காய்ச் சிரட்டையையும் எடுத்துக் கொடுத்தார்.

“வழிக்குக் குடிக்கத் தண்ணி வேணும்ல. மணல்ல ஊத்துத் தோண்டி எடுத்துட்டு வாங்க.”

இத்தனை நாளும் அந்த வேலையை மற்றவர்கள்தான் செய்தார்கள். அருளப்பன் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மணலில் தண்ணீர் கசிந்தது. அவருக்கு அது போதவில்லை. ஆழம் போகப் போகத்தான் தண்ணீர் இனிக்கும் என்பது அவர் ஊர்க் கணக்கு. இடுப்பளவு தோண்டியதும் குபுகுபுவென்று ஏறியது. மனிதருக்கு மகா சந்தோஷம். குடம் நிறைய மொண்டு வந்து, அம்மா முன்னால் ஒரு வாய் குடித்தார். உடனே துப்பினார்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கடலையே மொண்டுட்டு வந்துட்டீங்களேண்ணே!”

அம்மாவும் கூட வந்தார். அந்தக் குழியை மூடிவிட்டுச் சற்றுத் தள்ளி, முழங்கை ஆழத்துக்கு மட்டும் மணலைத் தோண்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கல் தண்ணீர் ஊறியது. அருளப்பன் சிரட்டையை நீட்டினார்.

“இருங்க. தெளியட்டும்.”

வெயில் ஏறியது. சும்மா உட்கார்ந்திருப்பது அருளப்பனுக்குப் பெரும் பாடாக இருந்தது. அப்புறம் என்ன நினைத்தாரோ, மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“சாயங்கால ஜெபத்த அவ சொல்லுவா, நான் பின்னாலயே சொல்லுவேன். இப்ப முதல் வார்த்தை எடுத்துக் கொடுக்க ஆளில்ல.”

சொல்லிவிட்டு அழுதார். அம்மா தடுக்கவில்லை. அழுது முடித்தபோது குழித் தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு சிரட்டை குடித்தார். இனித்தது.

“உப்புக்கடல் ஓரத்துல இது எங்கேருந்தும்மா வருது?”

“ஐப்பசியில பெஞ்ச மழைண்ணே. உப்புத் தண்ணிக்கு மேலாப்புல நிக்கும். ரொம்பத் தோண்டுனா உப்பு ஏறிரும்.”

“ஐப்பசியில நான் இங்க வரவே இல்லையே.”

“உங்களக் கேட்டுட்டா மழை பெய்யும்?”

அருளப்பன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

“ஆண்டவர் எங்கிட்ட வருவாராம்மா?”

“ஐப்பசியிலயே வந்துட்டாருண்ணே. மெதுவா மொள்ளுங்க.”