அடுக்களைக்கு ஒரு நிறம்

“அம்மா, என் வீட்டு அடுக்களைக்கு என்ன நிறம் பூசலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

கோமதிநாயகம் இப்படிக் கேட்டதும், மரத்தடியில் அமர்ந்திருந்த சீடர்களிடையே சிரிப்பு எழுந்தது.

குற்றால மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு அவர் பல ஆண்டுகளாக வருகிறவர். தென்காசியில் நெல் மண்டி நடத்தி ஓய்ந்தவர். வினை என்பது எது, விடுதலை என்பது எது என்றே இதுவரை கேட்டிருக்கிறார். இன்று, பெயின்ட் கடைக்காரர் கொடுத்த வண்ண அட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“மோட்சத்துக்கு வழி கேட்பார் என்று பார்த்தால், அண்ணாச்சி சுவருக்கு வழி கேட்கிறார்,” என்றார் சொரிமுத்து என்ற சீடர். “ஏணியும் பிரஷும் எடுத்துக்கொண்டு அம்மா கிளம்ப வேண்டியதுதான்.”

அவர்களுடைய குரு தவமணி அம்மை சிரிக்கவில்லை. வயதில் அவர் கோமதிநாயகத்தின் மகளைவிட இளையவர். ஆயினும் அவர் தலை நிமிர்ந்தாலே மற்றவர் பேச்சு அடங்கிவிடும். இப்போதும் அடங்கியது.

“அடுக்களைக்கு என்ன வந்தது, ஐயா?”

“உலகம்மை போய் அடுத்த மாதம் வருஷம் திரும்புகிறது, அம்மா. தலைத்திவசம் முடிந்ததும் பூசிவிட வேண்டும். அது அவள் கேட்டது.”

“மனைவி கேட்டதைச் செய்வதற்கு என்ன தயக்கம்?”

“எந்த நிறம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.”

பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார்.

பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக்குப் பூச்சு நடக்கும். முன்கட்டுக்கும் கூடத்துக்கும் புதிது புதிதாக நிறம் வாங்குவார். டப்பாவில் எஞ்சியதில் தண்ணீரைக் கலந்து அடுக்களையில் இழுத்துவிடுவார்கள். அதனால் அந்த அறையில் ஒரு சுவர் வெளிறிய பச்சை, மற்றொன்று அழுக்கு நீலம். அடுப்புக்கு மேலே இருந்தது எந்த ஆண்டின் நிறம் என்று புகைதான் சொல்ல வேண்டும்.

‘அடுப்படிக்குன்னு ஒரு டப்பா வாங்கினா குறைஞ்சா போயிருவீக?’ என்று உலகம்மை ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள்.

‘அடுப்படியை எந்தச் சம்பந்தி வந்து பார்க்கப் போறான்?’ என்று அவரும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் பேசியதும் அதைப் பற்றித்தான். ‘அடுப்படிக்கு ஒரு நல்ல கலரா அடிச்சிருங்க, என்ன?’ அவர் தலையாட்டினார். காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார். அதன் பிறகு அவள் பேசவில்லை.

“அன்றிலிருந்து அந்த அடுக்களையில் வெந்த சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, அம்மா. உருட்டி உருட்டி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். இந்த ஒன்றையாவது அவள் மனம்போலச் செய்தால்தான் நான் மனிதனாக உட்கார்ந்து உண்ண முடியும்.”

“யாரையேனும் கேட்டுப் பார்த்தீர்களா?”

“கேட்காத ஆள் இல்லை. மகன் வெள்ளை என்கிறான். மகள், அம்மா கைபட்ட சுவரைத் தொட்டால் வீட்டு வாசலையே மிதிக்க மாட்டேன் என்கிறாள். கடைக்காரர் இப்போது சாம்பல் நிறந்தான் ஓடுகிறது என்கிறார். ஜோசியரோ, அக்கினி மூலைக்கு ஆரஞ்சு பூசினால் போனவளே வந்து நிற்பாள் என்பதுபோல் பேசுகிறார்.”

“இவர்களில் அங்கே சமைக்கிறவர் யார்?”

“ஒருவரும் இல்லை. சமையலுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.”

“ஆளா?”

“என் தங்கை. ஆவுடை.”

அம்மை நிமிர்ந்து அமர்ந்தார்.

“இத்தனை ஆண்டுகளில் உங்களுக்கு ஒரு தங்கை உண்டு என்று நீங்கள் சொன்னதில்லையே.”

“சொல்லும்படி என்ன இருக்கிறது, அம்மா? அவள் பாட்டுக்கு உள்ளே இருக்கிறாள்.”

“அவரைக் கேட்டீர்களா?”

கோமதிநாயகம் திடுக்கிட்டார். பிறர் செவியில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

“அவள் கைம்பெண், அம்மா. மாலை வாடும் முன்னே தாலியை இழந்து என் வீட்டுக்கு வந்தவள். அன்றுமுதல் வெள்ளைச் சீலைதான். அவள் முன்னே போய் இந்த அட்டையை நீட்டி, உனக்கு எது பிடிக்கிறது என்று கேட்டால் அவள் மனம் என்ன பாடுபடும்? அந்தக் கொடுமையை மட்டும் நான் செய்ய மாட்டேன்.”

சொல்லி முடித்தபோது அவர் நெஞ்சில் ஒரு நிறைவு இருந்தது. இரக்கமுள்ளவன் என்று தன்னை எண்ணிக்கொள்ளும் மனிதனுக்கு வருகிற நிறைவு அது. அதனினும் ஆழ்ந்த உறக்கம் வேறில்லை.

அம்மை அவருடைய தோளைச் சுட்டினார்.

“இந்தத் துண்டின் கரை என்ன நிறம், ஐயா?”

“இதுவா? மயில்கழுத்து நிறம்.”

“அழகாக இருக்கிறது. எப்போது வாங்கினீர்கள்?”

“போன மாதம்.”

“உலகம்மை போன பிறகு.”

“ஆமாம்.”

“கடைக்காரர் இதை எடுத்துக் காட்டியபோது உங்கள் மனம் நொந்ததா?”

கோமதிநாயகம் துண்டின் கரையை உள்பக்கமாக மடித்துவிட்டார். சொரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மை வண்ண அட்டையை எடுத்து, மடித்து, அவர் கையில் வைத்தார்.

“நீங்கள் பதில் ஒன்றும் சொல்லவில்லையே, அம்மா?”

“பேருந்துக்கு நேரமாகிறது, ஐயா.”

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை.

மகள் கல்யாணத்துக்குப் புடவைகளைக் கூடத்தில் விரித்துப் போட்டிருந்த நாள் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாம் குனிந்து தடவிப் பார்த்தார்கள். ஆவுடை காபித் தட்டுடன் கதவு வரை வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். ‘பார், எவ்வளவு பக்குவம்!’ என்று அன்று அவர் மெச்சினார்.

அவளுக்குரிய சீலையை அவரேதான் வாங்கி வருவார். கரை இல்லாததாகப் பார்த்து வாங்குவார். ஒருமுறையும் அவளைக் கேட்டதில்லை. அதையும் அவர் அன்பு என்றே எண்ணியிருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தவர் கூடத்தில் நிற்காமல் நேரே அடுக்களைக்குப் போனார். ஆவுடை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அண்ணனை அந்த வாசற்படியில் கண்டதும் பதறி எழுந்தாள்.

“என்னண்ணே? குரல் குடுத்தா வந்திருப்பேனே. காபி போடவா?”

“வேண்டாம். நீ இரு.”

அவர் உள்ளே வந்து தரையில் அமர்ந்தார்.

“அய்யோ, மணைப்பலகை போடுறேன், எந்திரிங்க. ஏன் முகம் இப்படி இருக்கு? வெயில்ல நின்னீகளா?”

“ஆவுடை, அடுப்படிக்குப் பெயின்ட் அடிக்கணும். உன் மதினி கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான் காதுல வாங்கல. அவளுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?”

“மதினிக்கா?” ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மதினிக்குச் சுவரைப் பத்தி என்ன கவலை? சோறு வெந்தாச் சரி, சுவரு வெந்தா நமக்கென்னம்பா.”

“அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் கேட்டா?”

சிரிப்பு நின்றது. ஆவுடை மறுபடி உட்கார்ந்து துருவலில் குனிந்தாள். துருவ ஒன்றும் இல்லாத சிரட்டையைத் துருவினாள்.

“சொல்லு, தாயீ.”

“சொல்ல மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். வாக்குக் குடுத்தவளே போயிட்டா. இனிமே என்ன இருக்கு.”

“என்ன சத்தியம்?”

“மதினி அவளுக்காகக் கேக்கல, அண்ணே. எனக்காகக் கேட்டா. ‘உடுத்தத்தான் விட மாட்டேங்காக. நாள் பூராவும் நீ நிக்கிற இடத்துல, கண்ணால பாக்கவாவது ஒரு கலர் இருக்கட்டும்டீ’ன்னு சொல்லுவா. எனக்காகன்னு உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு நான்தான் அவளைக் கட்டிப்போட்டேன்.”

“ஏன், ஆவுடை?”

“இவளுக்கு இதுல எல்லாம் ஆசை இருக்கான்னு நீங்க நினைச்சிட்டா?”

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

கோமதிநாயகத்தால் தலையை நிமிர்த்த முடியவில்லை. இடுப்பிலிருந்து அட்டையை எடுத்தார். மடிப்பைப் பிரித்துத் தரையில் வைத்து அவள் பக்கமாக நகர்த்தினார்.

“அவகிட்ட நீ எந்தக் கலர்னு சொல்லியிருந்தே? அதையே அடிப்போம். மகள் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி.”

ஆவுடை முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு இன்னொரு முறை துடைத்தாள். அட்டைக்கு எதிரே மெல்ல நகர்ந்து அமர்ந்தாள்.

அவள் விரல் கட்டங்களுக்கு மேலே, படாமல், மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போயிற்று. சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போயிற்று. ஒவ்வொன்றிலும் நின்றது. கடைசிக் கட்டம் வரை போய், திரும்பவும் முதலிலிருந்து வந்தது.

அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“மறந்துபோச்சு, அண்ணே,” என்றாள்.