செம்பு வலை அறை

வக்கீல் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் டீச்சர் என்று அழைத்த ஹெப்சிபாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மின்சாதனங்களிலிருந்து கசியும் அலைகளைச் சோதிக்கும் கூடமொன்றில் ஹெப்சிபா வேலை பார்த்தார். விடுமுறை நாட்களில் வக்கீல் அவரிடம் அந்த அலைகளைப் பற்றிப் பாடம் கேட்கப் போவார். இந்த வயதில் இது எதற்கு என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

காரணம் மாரியாயி. ஆற்றில் மணல் அள்ளியவர்கள் செய்த கொலையை நேரில் பார்த்த ஒரே சாட்சி. அவளை வேறு ஊரில் மறைத்து வைத்திருந்தவர் வக்கீல்தான். விலாசம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்கு இன்டர்நெட் இணைப்பே கொடுக்கவில்லை. ஆனாலும் எதிர்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பகலிலும் ஜன்னலைத் திறப்பதில்லை. அது அவரைத் தூங்கவிடவில்லை.

"டீச்சர், எந்தக் கம்பியும் இல்லாம, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டே என் கம்ப்யூட்டரைப் படிக்க முடியுமா?"

ஹெப்சிபா ஒரு ஆன்டெனாவையும் திரை வைத்த ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு வந்தார். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பெரிய எழுத்தா ஏதாவது அடிங்க சார்."

வக்கீல் அடித்தார். வெகுநேரம் காத்திருந்தார். பிறகு ஹெப்சிபா கூப்பிட்டார்.

பெட்டியின் திரையில், ஈரக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல், சாம்பல் நிற எழுத்துகள் நடுங்கின. 'பயமா இருக்கு' என்று இருந்தது. அதைத்தான் வக்கீல் அடித்திருந்தார்.

வக்கீல் ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தார்.

"கம்ப்யூட்டர் ஓடுனா அலை வரத்தான் செய்யும் சார். பிடிக்கிறது லேசில்ல. ஆனா முடியும்."

"தடுக்க?"

"செம்பு வலை. சுவர், கூரை, தரை, கதவு எல்லாத்துக்கும். இடுக்கு இருக்கக் கூடாது."

வக்கீல் அப்படியே செய்தார். ஜன்னல் போயிற்று. காற்று போயிற்று. ஹெப்சிபா மறுபடியும் பெட்டியோடு வந்து பார்த்தார். திரையில் வெறும் புள்ளிகள்தான் இருந்தன. அன்றைக்கு வக்கீல் வயிறாரச் சாப்பிட்டார். பிறகு பகல் முழுக்க அந்த அறைக்குள்ளேயே, வேர்த்து வழிய, வழக்கு வேலை பார்த்தார்.

ஒரு மாலை, வெளியே வந்து கதவைச் சாத்தியதும் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. நிற்கவே இல்லை. தவறிய அழைப்புகள். எல்லாம் மாரியாயியிடமிருந்து. வக்கீல் திருப்பிக் கூப்பிட்டார். போன் அணைக்கப்பட்டிருந்தது.

செம்பு வலை உள்ளேயிருந்து எதையும் வெளியே விடவில்லை. வெளியேயிருந்தும் எதையும் உள்ளே விடவில்லை.

விஷயம் பிறகு தெரியவந்தது. சந்தையில் அவளுடைய சொந்த ஊர்க்காரன் ஒருவன் அவளைப் பார்த்திருக்கிறான். மதியமே மணல்காரர்களின் ஆட்கள் அவள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவள் அடுத்த வீட்டுக் கொல்லை வழியாக ஓடி, கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறித் தப்பியிருக்கிறாள். அக்கா வீட்டில் ஒளிந்துகொண்டு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். 'உசுரோட இருக்கேன். சாட்சி சொல்ல வரமாட்டேன். ஐயாவை நம்பி இருந்தேன்.'

வக்கீல் ஹெப்சிபாவிடம் போனார். ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டார். வக்கீல் உட்காரவில்லை.

"கம்ப்யூட்டர்ல இருந்து ஒண்ணுமே கசியல டீச்சர்."

"ம்."

"போன் வராதுன்னு நீங்க சொல்லலியே."

"வெளியே போறதைத்தான் நீங்க கேட்டீங்க. நானும் அதை மட்டும்தான் பார்த்தேன்." ஹெப்சிபாவின் குரல் தணிந்திருந்தது.

அலுப்பு இருவர் முகத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

"வலையைப் பிரிச்சுடட்டுமா?" என்றார் வக்கீல்.

"எதிர்மாடியில இருக்கறது யாருன்னு தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப பிரிக்காதீங்க."

"பிரிச்சாலும் பயம், இருந்தாலும் பயம். நான் என்னதாம்மா செய்றது?"

"மாரியாயி இன்னொரு தடவை கூப்பிடுவாங்களா சார்?"

"தெரியல. கூப்பிட்டாலும் கூப்பிடலாம்."

"அப்ப கம்ப்யூட்டர் உள்ளே இருக்கட்டும்," என்றார் ஹெப்சிபா. "நீங்க வெளியே உட்காருங்க."