குறையில்லாத குக்கர்

எங்க பக்கத்தில் மாடத்தி என்று ஒருத்தி. வாங்கின மறுநாளே குக்கர் மூடி எகிறி அவள் வலது கை வெந்துபோச்சு. கட்டுப்போட்ட கையோடு அந்தக் குக்கரையும் தூக்கிக்கிட்டு, அதை வாங்கின பாத்திரக்கடைக்குப் போய் ஆஸ்பத்திரிச் செலவு கேட்டாள்.

கடை நிறைய ஆளுங்க. கடைக்கார அண்ணாச்சி சத்தமாகச் சொன்னார்: "குக்கர்ல ஒரு குறையும் இல்ல. ஒனக்குத்தான் சமைக்கத் தெரியல."

"அப்ப நீங்களே சொல்லிக்குடுங்க அண்ணாச்சி." அதே குக்கரை மூடி, அவர் பக்கத்தில் டீ போட வச்சிருந்த கேஸ் அடுப்புமேல் வைத்தாள். முந்தானைக்குள் வாயை மறைத்துக்கொண்டு, "உஸ்ஸ்ஸ்" என்றாள்.

ஒரே தாவலில் அண்ணாச்சி அண்டாவுக்குப் பின்னால்! "ஏட்டி, அணைச்சுத் தொலை!"

"அடுப்பை நான் பத்தவைக்கவே இல்லையே அண்ணாச்சி. குறையில்லாத குக்கருக்கா இவ்வளவு பயம்?"

குக்கர் வாங்க வந்தவங்க எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தாங்க. அண்டாவுக்குப் பின்னாலிருந்தே குரல் வந்தது: "செலவு முழுசும் தாரேன் தாயி. மொதல்ல அந்தச் சனியனை இறக்கு!"