எட்டாயிரம் சொந்தக்காரர்கள்

"எனக்கு அலுத்துவிட்டது, ஆலிமா," என்றார் நெய்னா மரைக்கார். "நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆலிமா ஜைனம்புவுக்கு முப்பத்தாறு.

வட்டியில்லாத இஸ்லாமிய முதலீடான சுகூக் பத்திரங்களுக்கு விதிமுறை எழுதும் குழுவில் நெய்னா உறுப்பினர். மாதம் ஒருமுறை பினாங்குக்கு வந்து, ஆலிமாவிடம் மார்க்கச் சட்டம் படித்துவிட்டுப் போவார்.

பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் பாட அறை. ஓட்டின் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

நெய்னா மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

வட்டி கூடாது. ஆகவே சுகூக் வாங்குகிறவர் கடன் கொடுத்தவராக இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு கட்டடத்தில் பங்கு வாங்கி, வாடகை பெறுபவராக இருக்க வேண்டும். இவ்வளவில் சண்டையில்லை. கட்டடம் உண்மையிலேயே கைமாற வேண்டுமா, காகிதத்தில் மாறினால் போதுமா? இதில்தான் மூன்று வருஷமாகச் சண்டை. வங்கிக்காரர்கள் போதும் என்கிறார்கள். மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் போதாது என்கிறார்கள். போன கூட்டத்தில் ஒரு காற்புள்ளிக்கு இரண்டு மணி நேரம். பிஸ்கட்டெல்லாம் தீர்ந்துபோனது. காற்புள்ளி தீரவில்லை.

இப்போது குழு சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது. நெய்னா கையெழுத்துப் போட்டால் பதினொன்றாவது வரைவு விதியாகிவிடும். காகிதத்தில் மாறினால் போதும் என்று ஆகிவிடும். மாதிரியாகக் காட்டப்படுவது, ஏற்கெனவே விற்பனையாகிவிட்ட ஓர் ஆஸ்பத்திரியின் சுகூக்.

"பத்திரம் வாங்கிய எட்டாயிரம் பேர் அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் என்று நான் எழுதித் தர வேண்டும்."

ஆலிமா வரைவைக் கையில் வாங்கினார். கனம் பார்த்தார். திரும்ப நெய்னாவின் மடியில் வைத்தார். எழுந்துபோய் நிரம்பிய வாளியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்.

பிறகு மாடியை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தார்.

"ஆலிமா, நான் கேட்டது?"

"கூரை ஒழுகுது மாமா. அது முதல்ல."

நெய்னா பெருமூச்சு விட்டார். நாலு மணி நேரம் பயணம் செய்து வந்தது இதற்குத்தானா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

மழை சற்று விட்டபோது வீட்டுக்காரர் பக்கீர் ஹாஜியார் தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரும்போதே புலம்பல். ஓட்டுக்காரன் மூன்று நாளாக இதோ வருகிறேன் என்கிறானாம். போன மாதம் குழாய். அதற்கு முந்தின மாதம் கறையான். இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து, வானம் கறுத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லையாம்.

வாடகைக்கு இருப்பவர்களையே சரிசெய்துகொள்ளச் சொல்லலாமே என்றார் நெய்னா, உதவியாக.

ஹாஜியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அவங்க ஏன் செய்யணும்? வீடு என்னுது."

"ஏணியைப் பிடிங்க மாமா," என்றார் ஆலிமா.

நெய்னா வரைவை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிடித்தார். ஹாஜியார் முனகிக்கொண்டே ஏறினார். ஓடுகளிலிருந்து வழிந்த தண்ணீர் நெய்னாவின் பிடரியில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது.

"உங்க ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகினா யார் ஏறுவாங்க?" ஆலிமா கேட்டார்.

"கட்டடத்தை விற்ற கம்பெனியே பார்த்துக்கொள்ளும். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது."

"இடிஞ்சு விழுந்தா?"

"போட்ட பணம் போட்டபடி திரும்ப வந்துவிடும். கம்பெனி உறுதி கொடுத்திருக்கிறது. யாருக்கும் ஒரு கவலையும்..."

நெய்னா பாதியில் நிறுத்தினார்.

ஆலிமா தலையை உயர்த்தினார். "ஹாஜியார், இந்த வீட்டைத் தவிர உங்களுக்கு வேற கட்டடம் ஏதும் இருக்கா?"

"இது ஒண்ணு போதாதா, ஆலிமா? இதோடயே செத்துக்கிட்டிருக்கேன்."

"போன வருஷம் ஆஸ்பத்திரி சுகூக் வாங்கினீங்களே?"

உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாஜியார் கீழே எட்டிப் பார்த்தார். எரிச்சலில் இருந்த அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

"அது பத்திரம்தானே, ஆலிமா. அதுக்கு ஏது கூரை?"