மருதாயியின் மூக்கு

"அவனையும் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்களா?"

மருதாயி வணக்கம்கூடச் சொல்லவில்லை. வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

குரு நாயகியம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சிஷ்யையைவிடப் பத்து வயது இளையவர்.

"யாரை?"

"வாசலில் உட்கார்ந்திருக்கிறானே, பொன்னப்பன். எனக்குத் தாலி கட்டியவன். என் மூக்கை அறுத்தவன்."

ஏழு வருடம் ஆகிறது. சந்தையில் வளையல்காரனிடம் சிரித்துப் பேசினாள் என்று அறுத்தான். 'நீ என்னடி செய்தாய்?' என்று ஊர் அவளைத்தான் கேட்டது. அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காயம் ஆறுவதற்குள் கிளம்பி, நடந்தே இந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தாள்.

இப்போது அவன் காவி கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மூத்த சீடர் சிதம்பரநாதர் அவனுக்கு மோர் கொடுத்து உபசரித்தார். அவளிடம், "துறவிக்குக் கோபம் ஆகாது. மன்னித்துவிடு" என்றார்.

"மன்னித்தால்தான் ஞானமா, அம்மா? அப்படி ஒரு ஞானம் எனக்கு வேண்டாம். இப்போதே போய்விடுகிறேன்."

அம்மை எழுந்தார்.

"வா."

அவரைக் கண்டதும் பொன்னப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மருதாயி நின்ற பக்கம் அவன் கண் போகவே இல்லை.

"எதை விட வந்தாய்?" என்று கேட்டார் அம்மை.

"கோபத்தை விட வந்தேன், தாயே. எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதனால் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை."

சிதம்பரநாதர் உருகிப்போய்த் தலையாட்டினார்.

"யார் மூக்கு நுனியில்?" என்றார் அம்மை.

சிதம்பரநாதரின் தலையாட்டல் பாதியில் நின்றது.

அம்மை நகர்ந்து வழிவிட்டார். மருதாயி முன்னால் வந்தாள். அவன் எதிரே, அவன் பார்த்தே ஆகவேண்டிய இடத்தில் நின்றாள். அவன் பார்த்தான். உடனே தலை குனிந்துகொண்டான்.

"எழுந்து போ," என்றாள்.

அவன் அம்மையைப் பார்த்தான்.

"அவள்தான் சொல்லிவிட்டாளே," என்றார் அம்மை.

அவன் போனான். காவி வேட்டி சாலைத் திருப்பத்தில் மறையும்வரை மருதாயி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை."

"தீரவேண்டும் என்று யார் சொன்னது?"